ஒன்றையும் விடாதவள்

அந்த சினிமா விருதை அக்காவுக்குக் கொடுத்திருக்க வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஆலங்காயத்தில் தொடங்கும். வாணியம்பாடி தாண்டி, ஆம்பூர் தோல் நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் வரை நடக்கும். மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். தேர்தலைப் பற்றிக்கூட அந்த பஸ்ஸில் அவ்வளவு நாள் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னா நடிச்சிடுச்சு அக்கா? பஸ்ல உக்காந்துச்சு. டப்பாவத் தொறந்துச்சு. மூடுச்சு. இத நான் தெனம் பண்றேன். எனக்கும் ஒரு விருது குடு" என்பாள் லைனிங் ஒட்டுகிற பெண்.

"நீ டப்பாவத் தொறந்தா யாராவது அழுதாங்களாடி?"

"உள்ள இருக்கிறத தின்னவன் அழுதான்."

பஸ் சிரிக்கும். டிரைவர் பாய் மேலே இருக்கும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே தன் கட்சியைச் சொல்வார். "விருத வாங்கின அந்த நடிகையம்மா இன்னா கம்மியாவா அழுதாங்க? முடிய அவுத்துப் போட்டு, செவுத்துல முட்டி, தரையில பொரண்டு... அது உழைப்பு. இந்த அக்கா ஒரு சொட்டு கண்ணீர் உட்டுச்சா?"

பெண்கள் வரிசையில் கடைசி இருக்கையில் அக்கா உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் ஆண்கள் வரிசை தொடங்குகிறது. அதில் முதல் இருக்கை என்னுடையது. இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவள் அந்த எல்லையைப் பிடித்து வைத்திருந்தாள். பேச்சு நடக்கும்போது அவள் ஜன்னலைப் பார்ப்பாள். டிரைவர் பாய் சொன்னதற்குப் பதிலாக, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் இடது தோளை மட்டும் குலுக்குகிற குலுக்கலை ஒரு தரம் குலுக்குவாள். போதும். பஸ் மறுபடி சிரிக்கும்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. கம்பெனியே அக்கா என்றது, நானும் அப்படியே. குளோசிங் செக்‌ஷனில் இருந்தாள். வெட்டின தோல் துண்டுகளைச் சேர்த்து ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற இடம் அது. நான் பேக்கிங்கில் ஸ்டிக்கர் எழுதுகிறவன். அவள் தைத்ததை நான் டப்பாவில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்புவேன். எங்களுக்குள் அவ்வளவுதான் தொழில் சம்பந்தம்.

அவளுடைய இன்னொரு தொழில் ஆட்களைச் செய்வது. 'மாதிரி பண்ணிக் காட்டறது' என்று நாங்கள் சொல்வோம். அவள் 'செய்யறது' என்பாள். "இன்னிக்கு யாரச் செய்யட்டும்?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்பாள், இட்லியா பொங்கலா என்று கேட்பதுபோல. ஆளைக் காலிலிருந்து பிடிப்பாள்.

"செருப்பு எந்தப் பக்கம் தேஞ்சிருக்குதுன்னு பாத்துக்கோ தம்பி. அந்தப் பக்கமா கொஞ்சம் சாஞ்சு நட. மிச்ச ஆளு தானா வந்துடுவான்."

மேனேஜர் பாய் ஒருவரைத் திட்டுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியில் துடைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். துடைத்தது போதாது என்று மறுபடி துடைப்பார். அந்த இரண்டாவது துடைப்பில்தான் எதிரில் நிற்பவன் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்வான். கம்பெனியில் பத்துப் பேர் அவரைச் செய்வார்கள். எல்லாரும் முதல் துடைப்போடு நிறுத்திவிடுவார்கள். அக்கா இரண்டாவதையும் துடைப்பாள். ஒரு நாள் மேனேஜர் பாயே பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டார். எல்லாரும் செத்தோம் என்று நின்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு துடைக்கக் கை வராமல், அப்படியே மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

என்னையும் செய்தாள். "நீ பேசறதுக்கு முன்னாடி வாயத் தொறக்கற, மூடற. அப்புறம்தான் பேசற. சொல்லலாமா வேணாமான்னு உள்ள ஒரு பஞ்சாயத்து." செய்தும் காட்டினாள். மீனைக் கரையில் போட்டதுபோல இருந்தது. ஒரு மாதம் வாயை இறுக்கிக்கொண்டு திரிந்தேன். அடுத்த மாதம், வாயை இறுக்கிக்கொண்டு திரிகிற என்னைச் செய்தாள்.

சிரிப்பாக இருக்கும், கூடவே பயமாகவும் இருக்கும். நம்மிடம் இருப்பது நமக்கே தெரியாமல் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். திருட்டு என்று சொல்ல முடியாது, நம்மிடமும் அது அப்படியே இருக்கிறதே. ஆனால் அவள் கண் நம்மேல் பட்டுக்கொண்டே இருந்தால் புடவையை, சட்டையைச் சரி செய்துகொள்ளத் தோன்றும்.

கேட் வாட்ச்மேன் ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். காரியத்துக்கு வேன் பிடித்துப் போனோம். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அவர் மனைவி அக்காவிடம் வந்தாள்.

"நீ அவர மாதிரியே பண்ணுவியாமே. ஒரு தடவ பண்ணேன். நான் பாக்கறேன்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா தயங்கவில்லை. எழுந்துபோய் வாசலில் நின்றாள். இடுப்பில் ஒரு கை வைத்தாள். செருமினாள். "கார்டு எங்க? கார்டு இல்லாம பூந்துடுவியா? இது இன்னா உங்க மாமியார் வூடா?" என்றாள். திட்டி முடித்த பிறகு, அந்த மனிதர் தானே கூச்சப்பட்டு வானத்தைப் பார்ப்பார். கேட்டைத் தினமும் கடந்த நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. அக்கா அப்படிப் பார்த்தபோதுதான், ஆமாம் பார்ப்பாரே என்று எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அந்த அம்மா சிரித்தாள். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போதும் தாயி, போதும்" என்றாள்.

திரும்பி வரும்போது கேட்டேன். "கடைசில அந்த வானத்தப் பாத்தத உட்டிருக்கலாமேக்கா. பாவம், தாங்கல அவங்களுக்கு."

"ஒண்ணு உட்டாலும் அது அவரு இல்ல தம்பி. நான்" என்றாள்.

கோமதி அவளுக்குப் பக்கத்து மெஷின். ஆலங்காயத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் ஏறுவாள். அதற்குள் இடமெல்லாம் போயிருக்கும். எங்கள் பஸ்ஸில் நிற்பவர்களின் பை உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் ஏறிவிடும். யார் பை யார் மடிக்கு என்பது மாறாது, அது ஒரு சொந்தம் மாதிரி. கோமதி ஏறியதும், "புடி" என்று பையை அக்காவின் மடியில் போடுவாள். பேச்சுத் துணை அவர்கள் இரண்டு பேரும். கோமதிக்கு ஒரே பெண், மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தது. காரம் தாங்காத பிள்ளை என்று கோமதி கொண்டுவரும் குழம்புகூடச் சப்பென்றிருக்கும். "உம் பொண்ணால எங்க நாக்கு செத்துப்போச்சு" என்று அக்கா திட்டிக்கொண்டே சாப்பிடுவாள்.

காய்ச்சல் என்று வேலூருக்குத் தூக்கிப் போனார்கள். பிள்ளை திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கோமதி வேலைக்கு வந்த முதல் நாள், எல்லாரும் நெருக்கி உட்கார்ந்து அக்கா பக்கத்தில் இடம் விட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் கோமதி எதற்கோ பைக்குள் கை விட்டாள். இரண்டு டப்பா வந்தது. ஒன்று அவளுடைய எவர்சில்வர். இன்னொன்று சின்னது, மூடியில் முயல் படம் போட்டது. விடிகாலையில் கை தன் பழக்கத்தில் இரண்டையும் கட்டியிருக்கிறது. பிள்ளையின் டப்பாவை வைக்கப் பள்ளிக்கூடப் பை இல்லாததால், தன் பையிலேயே போட்டிருக்கிறது.

முயல் டப்பாவைத் திறந்தாள். எலுமிச்சை சாதத்தின் வாசனை எங்கள் வரிசை வரைக்கும் வந்தது. மூடினாள். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடு இன்னும் இருந்திருக்க வேண்டும், கை அங்கேயே இருந்தது.

அதற்குமேல் நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜவ்வாது மலைமேல் மேகம் ஒன்று போகவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் அக்காவின் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவள் திரும்பிக்கொள்ளவில்லை. கோமதியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கோமதியின் குரல் கேட்டது. "மணி இன்னா ஆச்சு?"

அக்கா சொன்னாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் யாரையும் செய்யவில்லை. அதற்குப் பிறகும் வெகுநாள் செய்யவில்லை.

சினிமாக்காரர்கள் வந்தது அதற்கு ஒரு வருஷம் பின்னால் இருக்கும். ஷூ கம்பெனிப் பெண்ணைப் பற்றிய கதை. பக்கத்து மெஷினில் வேலை செய்கிறவளாக, மகனைப் பறிகொடுத்தவளாக நடிக்க உள்ளூர் முகம் வேண்டும் என்று டைரக்டர் எங்கள் கேன்டீனுக்கு வந்தார். இளைஞர். பேசும்போது இரண்டு கையாலும் காற்றில் சதுரம் போடுவார். அவர் பேசி முடித்ததும் அக்கா எழுந்து, அந்தச் சதுரத்தைப் போட்டு, அது கோணலாகப் போச்சென்று அழித்து, மறுபடி போட்டாள். டைரக்டர் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. அன்றே அவளை எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பஸ்ஸையே ஷூட்டிங்குக்குக் கேட்டார்கள். பஸ்ஸோடு கம்பெனி ஆள் ஒருவன் போக வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். அதனால் நடந்ததைப் பார்த்தேன்.

"அம்மா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார் டைரக்டர். "சும்மா ஜன்னலப் பாருங்க. சோகமா எதையாவது மனசுல நெனச்சுக்குங்க."

"நெனச்சா ஆச்சா சார்? ஒரு டப்பா குடுங்க. சின்னப் புள்ளைங்க டப்பா. உள்ள சோறு இருக்கணும். சூடா."

"கேமராவுக்கு சோறு தெரியாதும்மா."

"கைக்குத் தெரியணுமே."

டப்பா வந்தது. அவள் பையில் கை விட்டாள். தன்னுடையதையும் சேர்த்து இரண்டு டப்பாவை எடுத்தாள். சின்னதைத் திறந்தாள். மூடினாள். மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். பக்கத்தில் இருந்த கதாநாயகியிடம் மணி கேட்டாள். அந்தப் பெண் வசனத்தை மறந்துவிட்டு நிஜமாகவே அழுதாள், மையெல்லாம் கரைந்து. மறுபடி எடுத்தார்கள். சோறு ஆறிவிட்டது என்றாள் அக்கா. ஒரு பையன் ரோட்டோர வீட்டுக்கு ஓடிச் சூடு பண்ணி எடுத்துவந்தான். வெளிச்சம் போச்சு, லாரி ஹாரன் அடித்தது, ஃபோகஸ் தவறியது. ஒவ்வொரு தடவையும் புதுச் சூடு கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கை அதே இடத்துக்கு அதே நிதானத்தில் வந்தது. இடைவேளையில் சினிமாப் பையனிடம், "கொஞ்சம் உப்புப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்பா, இன்னா வூட்டு சோறு இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் டைரக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பிரமாதம்மா. ஆனா மூடினதுக்கு அப்புறம் என்னமோ ஒண்ணு வர்ற மாதிரி இருக்கு. உங்க கை எதையோ பண்ணப் போவுது, நின்னுடுது. அதையும் பண்ணிடுங்களேன்."

"அவ்ளோதான் சார்."

"இல்லம்மா, ஏதோ..."

"அவ்ளோதான்."

இன்னும் ஒன்று என்று கேட்டால் மூன்று செய்கிறவள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஷூட்டிங்கில் பஸ் பயணிகளாக உட்கார வந்திருந்த எங்கள் பெண்கள் திங்கட்கிழமை எல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள். அக்கா ஒரு டப்பாவை வெச்சு நடிச்சாளாம், சின்னப் புள்ளைங்க டப்பாவாம். செவ்வாய்க்கிழமை ஏறிய கோமதி, பின்னால் வராமல் முன்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையை வேறொரு பெண்ணின் மடியில் கொடுத்தாள்.

அக்கா தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். பிறகு தன் பையையே எடுத்து அங்கே வைத்துக்கொண்டாள்.

படம் வந்தது. அந்தக் காட்சியைக் கைபேசியில் தனியாக வெட்டி அனுப்பிக்கொண்டார்கள். மேல்விஷாரத்தில் இருக்கும் என் தோஸ்த் ஒருவன், "யார்ரா அந்தம்மா? உங்க கம்பெனியாமே?" என்று போன் பண்ணினான். பெரிய விருது ஒன்றின் பட்டியலில், சிறந்த துணை நடிகைக்கு, அக்காவின் பெயரும் இருந்தது.

அவளுக்கு அந்த விருது வேண்டியிருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. "குடுத்தா வாங்கிக்கப் போறேன். குடுக்கலன்னா திட்டப் போறேன்" என்றாள். மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை எடுத்தாள். பெயரைக் கூப்பிட்டதும் நெஞ்சில் கை வைத்து, 'நானா?' என்று பக்கத்து ஆளைப் பார்த்து, எதிர்பார்க்காதவள்போல எழுந்திருப்பதைக் கேன்டீனில் எங்களுக்குச் செய்து காட்டினாள். இந்த முறை அவள் செய்தது தன்னை. கோமதி அன்று தண்ணீர் பிடிக்கிற இடத்திலேயே நின்று சாப்பிட்டாள். அக்காவின் கண் ஒரு தரம் அங்கே போய்வந்தது. விருது வந்தால் அந்தக் காட்சியை டிவியில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். கோமதி அதிலிருந்து எங்கே போய் ஒளிவாள்?

சென்னைக்குத் தன் மகனோடு போனாள். புடவை கசங்காமல், விருது இல்லாமல் திரும்பி வந்தாள்.

தேர்வுக்குழுவில் இருந்த ஒருவர் ஏதோ ஒரு சேனலில் காரணம் சொன்னார். பஸ்ஸில் பெண்கள் அதைச் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். அந்தம்மா நிஜமான தொழிலாளி, அவங்க அங்க நடிக்கல, இருந்தாங்க. விருது நடிப்புக்குத்தானே, என்றார். அப்புறம், அந்தக் காட்சி உச்சத்துக்குப் போறதுக்கு ஒரு படி முன்னாடியே நின்னுடுது, என்றார்.

முதல் காரணத்துக்கு அக்கா அங்கேயே பதில் கொடுத்தாள். அவரைப்போலவே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, குடித்ததை நாக்கால் துழாவி, "இருந்தாங்க" என்றாள். "இருக்கறதுக்கா சோத்த அத்தினி தடவ சூடு பண்ணேன்?" என்று தன் குரலில் கேட்டாள். இரண்டாவது காரணத்துக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஷூட்டிங்கில் நானே பார்த்ததுதானே, கை எங்கேயோ போகப்போய் நின்றதை.

பேச்சு ஓயவில்லை. ஒரு நாள் காலையில் லைனிங் ஒட்டுகிற பெண், முன்னால் நின்றுகொண்டிருந்த கோமதியிடம் கைபேசியை நீட்டினாள்.

"கோமதிக்கா, ஊரே பாத்துடுச்சு, நீ இன்னும் பாக்கலையாமே? இந்தா. பாத்துட்டு நீ சொல்லு. நீ சொன்னா அவ்ளோதான். பேஜார் முடிஞ்சிடும். குடுத்திருக்கணுமா, வேணாமா?"

கோமதி வாங்க மாட்டாள் என்று நினைத்தேன். வாங்கினாள். ஒரு கையால் கம்பி, ஒரு கையால் கைபேசி. படத்துக்குள்ளிருந்த எங்கள் பஸ்ஸின் இரைச்சல் எங்கள் பஸ்ஸின் இரைச்சலோடு கலந்தது. எனக்கு முன்னால் அக்காவின் பின்கழுத்து ஆடாமல் இருந்தது. பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் ஆடவில்லை. படத்தில் அக்காவின் குரல் மணி கேட்டது.

கோமதி கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

"மொளகா இருந்துச்சே" என்றாள். மெதுவாக. எனக்குக் கேட்டது.

அக்கா நிமிரவில்லை.

"காஞ்ச மொளகா. எடுக்க மறந்துட்டேன்னு மூடினப்புறம் ஞாபகம் வந்துச்சு. புள்ள கடிச்சிடும்னு திரும்பத் தொறந்து அத எடுத்துட்டு, அப்புறம் மூடினேன். நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்தும் ஏன் பண்ணல?"

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். என்னைச் செய்யவில்லை, அது அவளுக்கே வந்தது.

"அது வேணாம்னு உட்டுட்டேன்" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட பிறகு நடந்தது அது. டைரக்டர் தேடியதும், தேர்வுக்குழு ஆள் இல்லையென்று சொன்னதும் அந்த மிளகாய்தான். அது மட்டும் படத்தில் இருந்திருந்தால் அந்த விருதை வேறு யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. அது அக்காவைவிட யாருக்கும் நன்றாகத் தெரிந்திருக்காது.

"இன்னா கோமதிக்கா, அங்க போய் நின்னுட்ட? தீர்ப்பு சொல்லு" என்று முன்னாலிருந்து கத்தினார்கள். "குடுத்திருக்கணுமா, வேணாமா?" டிரைவர் பாய்கூடக் கண்ணாடியில் பார்த்தார்.

"குடுத்திருக்கணும்" என்றாள் கோமதி, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பிறகு தோளிலிருந்த பையைக் கழற்றி, "புடி" என்று அக்காவின் மடியில் போட்டாள்.

அக்கா பிடித்துக்கொண்டாள். உள்ளே டப்பா சூடாக இருந்திருக்கும். கையை அதன்மேல் வைக்காமல், பையின் இரண்டு காதையும் சேர்த்துப் பிடித்தபடி, ஆம்பூர் வரைக்கும் அப்படியே வந்தாள்.